வீட்டுச் சாவி யார் கையில்?
ஸ்மார்ட் சாதனங்களும் திறந்தமூல மென்பொருளும்: தில்லி இன்னும் கேட்காத கேள்வி

புது தில்லி: 2025 ஜூலை மாதக் கடைசியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு, தகவல் தொழில்நுட்ப வல்லுநர்கள் நெடுநாள்களாகச் சொல்லி வந்த அச்சத்தை அரசின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தி வரும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு, மைக்ரோசாஃப்ட் தனது சேவைகளைத் திடீரென நிறுத்தியது. நயாராவில் ரஷியாவின் ராஸ்னெஃப்ட் நிறுவனத்துக்கு 49 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு உள்ளது. அதைக் காரணம் காட்டி ஐரோப்பிய யூனியன் விதித்த தடையின் விளைவு இது.

முழுக் கட்டணமும் செலுத்தி உரிமம் பெற்ற சேவையைத் தங்கள் விளக்கத்தைக்கூடக் கேட்காமல் நிறுத்திவிட்டார்கள் என்பதே நயாராவின் புகார். வழக்குத் தொடுத்த சில நாள்களில் சேவை மீண்டும் கிடைத்தது. ஆனால், வெளிநாட்டில் எடுக்கப்படும் ஒரு முடிவு இந்தியாவின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றின் மின்னஞ்சலை முடக்க முடியும் என்பது அன்று அம்பலமானது.

அந்த நிறுவனத்திடம் வழக்குரைஞர்கள் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்தை உடனே அணுகும் வசதி இருந்தது. இதே போன்ற இணைப்புகளை நம்பி இன்று வீட்டுக் கதவுப் பூட்டையும், படுக்கையறை விளக்கையும், குழந்தையின் தொட்டிலுக்கு மேலே மாட்டிய கேமராவையும் இயக்கிக் கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

"ஸ்மார்ட் வீடு" எனப்படும் ஏற்பாடு வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறிவிட்டது. அமேசானின் எக்கோ ஒலிபெருக்கி 2017-இலும் கூகுளின் ஹோம் ஒலிபெருக்கி 2018-இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இன்று செல்போனிலிருந்து இயக்கும் மின்விளக்கு சில நூறு ரூபாய்க்கும், கேமரா ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. தில்லியை ஒட்டிய குருகிராம், நொய்டா பகுதிகளின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவற்றைக் கட்டுமான நிறுவனங்களே பொருத்தித் தருவதாக விளம்பரம் செய்கின்றன. அங்கே வீடு வாங்குபவர் எந்த நிறுவனத்தின் அமைப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுகூடக் கிடையாது.

இரண்டு வழிகள்

இத்தகைய சாதனங்களை இயக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது வணிக நிறுவனங்களின் வழி. செல்போனில் உள்ள பொத்தானை அழுத்தினால், கட்டளை இணையத்தின் மூலம் அந்த நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அங்கிருந்து திரும்பி வந்து, பத்தடி தொலைவில் இருக்கும் விளக்கை எரிய வைக்கிறது. எல்லாச் சாதனங்களும் இப்படி இயங்குவதில்லை என்றாலும், மலிவு விலையில் விற்பவற்றில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். பெட்டியின் மேல் இந்தியப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளே இயங்குவது சீனாவின் ஹாங்சோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட துயா போன்ற நிறுவனங்களின் தளமாக இருப்பதுண்டு.

இரண்டாவது, திறந்தமூல மென்பொருளின் வழி. மென்பொருளை எழுதிய நிரல் வரிகள் எல்லோரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் கிடைக்கும் முறை இது. வீட்டிலேயே ஒரு சிறு கணினி இருக்கும்; அதில் இந்த மென்பொருள் ஓடும்; விளக்கு, பூட்டு, கேமரா ஆகியவை அதனுடன் பேசும். கட்டளை வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2010-இல் ஜெர்மனியைச் சேர்ந்த காய் க்ரோய்ட்சர் தொடங்கிய "ஓபன்ஹேப்", 2013-இல் பவ்லஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய "ஹோம் அசிஸ்டென்ட்" ஆகியவை இவற்றில் முக்கியமானவை. பின்னது 2024 முதல் சுவிட்சர்லாந்தில் பதிவு செய்யப்பட்ட லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் உள்ளது. அதை யாரும் விலைக்கு வாங்கி மூடிவிடக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

வணிக முறையில் வசதி அதிகம். பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடத்தில் விளக்கு எரியும். திறந்தமூல முறையில் உழைப்பு அதிகம். ஓரளவு கணினி அறிவும் பொறுமையும் வேண்டும். இந்த ஒப்பீட்டோடு விஷயம் முடிந்திருந்தால் இது நுகர்வோரின் விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சாக மட்டுமே இருந்திருக்கும். கடந்த பத்தாண்டுகளில் நடந்தவை இதைப் பொதுப் பிரச்னையாக்கியுள்ளன.

கைவிடப்பட்ட கருவிகள்

அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்ட "ரிவால்வ்" என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, கூகுளின் துணை நிறுவனமான நெஸ்ட் 2014-இல் விலைக்கு வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை மூடியது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் "இன்ஸ்டியான்" நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இன்றி நின்றன. வாடிக்கையாளர்களில் சிலர் ஒன்று சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கிய பிறகே, அதே ஆண்டு ஜூனில் சேவை மீண்டது. இடைப்பட்ட நாள்களில், ஹோம் அசிஸ்டென்ட் மூலம் அந்தப் பெட்டிகளை வீட்டுக்குள்ளிருந்தே இயக்க முடிந்தவர்கள் தப்பினார்கள். ஒரே கருவி, மென்பொருள் யாருடையது என்பதைப் பொருத்து ஒருவருக்கு உதவியது, இன்னொருவருக்குக் குப்பையானது.

இவை பழைய கதைகள் அல்ல. நெஸ்ட் நிறுவனத்தின் முதல் இரண்டு தலைமுறை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான இணையச் சேவையை கூகுள் 2025 அக்டோபர் 25-இல் நிறுத்தியது. தனது வீமோ வகைச் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கான சேவை 2026 ஜனவரி 31-உடன் முடியும் என்று பெல்கின் 2025 ஜூலையில் அறிவித்தது. 2025 அக்டோபர் 20-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கணினி மையங்களில் ஏற்பட்ட கோளாறால் உலகின் பல பகுதிகளில் அலெக்ஸா குரல் சேவையும் ரிங் கேமராக்களும் மணிக்கணக்கில் முடங்கின. அங்கே ஓர் அட்டவணையில் நேர்ந்த பிழை, கடல் கடந்த வீடுகளின் அழைப்பு மணியை ஊமையாக்கியது.

இந்திய வாசகருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வீட்டில் உள்ள டிடிஎச் பெட்டியை நினைத்தால் போதும். நிறுவனத்தை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டியுள்ளது. பழையது பரணுக்குப் போகிறது. ஒரே பெட்டி எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை பரவலான நடைமுறையாகவில்லை. மாறாக, செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. வாடிக்கையாளரின் கை ஓங்கியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. அரசு கட்டாயப்படுத்தியதா, பரிந்துரையோடு நின்றதா என்பதில்தான் உள்ளது.

இணையம் நிற்கும் நாடு

வணிக அமைப்புகள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன: இணைய இணைப்பு எப்போதும் இருக்கும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓரளவு பொருந்தும் இந்த நம்பிக்கை இந்தியாவுக்குப் பொருந்தாது. இணைய முடக்கங்களைக் கணக்கெடுத்து வரும் ஆக்சஸ் நவ் அமைப்பின் அறிக்கைகளின்படி, இந்தியாவில் 2023-இல் 116 முறையும் 2024-இல் 84 முறையும் இணையம் முடக்கப்பட்டது. ஜனநாயக நாடுகளில் இதுவே அதிகம்.

ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக 4ஜி சேவை 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய முடக்கம், பல மாதங்கள் பல வடிவங்களில் நீடித்தது. காலவரையின்றி இணையத்தை முடக்கக் கூடாது, முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10-இல் கூறிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

ஊரில் கலவரம் என்று இணையம் நிறுத்தப்படும் வேளையில்தான் வாசலில் நிற்பது யார் என்று பார்க்க வேண்டிய தேவை அதிகம். அந்த வேளையில் வெளிநாட்டு சர்வரை நம்பியிருக்கும் கேமரா குருடாகிறது. வீட்டுக்குள்ளேயே பதிவு செய்து வீட்டுக்குள்ளேயே காட்டும் அமைப்பு, மின்சாரம் இருக்கும் வரை வேலை செய்யும். மேலை நாடுகளில் திறந்தமூல முறையை ஆர்வலர்கள் விரும்புவதற்குத் தனியுரிமை முதல் காரணமாக இருக்கலாம். இங்கே அதற்கு இன்னும் எளிய காரணம் இருக்கிறது.

தனியுரிமை

அதற்காகத் தனியுரிமையைத் தள்ளிவிட முடியாது. ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பெண் வாடிக்கையாளர்களின் வீட்டு அறைகளில் பதிவான ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பல மாதங்கள் பார்த்து வந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. ரிங் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. சிறுவர்களின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாகக் கூறப்பட்ட அலெக்ஸா தொடர்பான தனி வழக்கில் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கேமராச் சேவை தடைபட்டு மீண்டபோது, சுமார் 13 ஆயிரம் பேருக்கு வேறு யாருடைய வீட்டுப் படங்களோ வந்து சேர்ந்தன.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர, அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டுள்ளது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுகளுக்குச் சட்டம் பொருந்தாது. அதாவது, கேமராப் பதிவைத் தம் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்பவருக்கு இந்தச் சட்டத்தால் சுமை இல்லை. பதிவை நிறுவனத்திடம் ஒப்படைப்பவரோ, நிறுவனம் தவறு செய்த பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிட வேண்டியவராகிறார். அதே சட்டம், அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் இடம் தருகிறது. நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் காட்சியை யார் யார் கேட்டுப் பெற முடியும் என்பது, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே தீர்மானமாகும் விஷயம்.

தரவை அழித்துவிடு என்று நிறுவனத்திடம் கேட்கும் உரிமையை இந்தச் சட்டம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய பூட்டைத் தொடர்ந்து இயங்க விடு என்று கேட்கும் உரிமையை அது தரவில்லை. தரவுக்குச் சட்டம் வந்துவிட்டது, சாதனத்துக்கு வரவில்லை.

திறந்தது எல்லாம் பாதுகாப்பானதா?

திறந்தமூல ஆதரவாளர்கள் சில உண்மைகளை மறைக்கக் கூடாது. எல்லோரும் படிக்கலாம் என்பதற்காக எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழைய வழிவிடும் கடுமையான குறை ஒன்று 2023 மார்ச்சில் வெளிப்பட்டது. ஆபத்தின் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து. அந்தக் குறை 2017 முதலே இருந்து வந்தது. கண்டுபிடித்ததும் விரைந்து திருத்தினார்கள், வெளிப்படையாக அறிவித்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆனால் ஆறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பதும் உண்மை. திருத்தத்தை நிறுவ வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. அதை மறந்தவரின் வீடு, எந்த வணிக அமைப்பையும்விட எளிதாகத் திறந்து கிடக்கும்.

இரண்டாவது சிக்கல் ஆள் பலம். பழுதானால் யாரைக் கூப்பிடுவது? வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் அமைத்துவிட்டு வேலை நிமித்தம் வெளியூர் போனால், முதியவர்களுக்கு விளக்குப் போடக்கூட வழி தெரியாமல் போகும். நாட்டின் திறந்தமூல வரலாறே இதற்குச் சான்று. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட "பாஸ்" இயங்குதளம் தரத்தில் குறைந்ததல்ல. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் அது விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்டது. ஆனாலும் மக்களின் அன்றாடப் பயன்பாட்டில் அது வேரூன்றவில்லை. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் நிலைத்தது. அங்கே மென்பொருளைக் கொடுத்ததோடு நிற்காமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பாடத்திட்டத்திலும் தேர்விலும் சேர்த்தார்கள். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம்; அதைப் பராமரிக்கும் கைகள் இலவசமாகக் கிடைப்பதில்லை.

அரசு எதைச் செய்தது?

மத்திய அரசு உறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. அரசு நிறுவனங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் சுமார் 10 லட்சம் இருப்பதாகவும், அவற்றின் காட்சிகள் வெளிநாட்டு சர்வர்களுக்குச் செல்வதால் பாதுகாப்புக் குறைகள் உண்டு என்றும் 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. அதன் தொடர்ச்சியாக, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்கான புதிய விதிகளை அறிவித்தது. அவை 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி கேமராவின் வன்பொருள், மென்பொருள், மூல நிரல் ஆகியவற்றை நிறுவனங்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இன்னும் அவகாசம் வேண்டும் என்று பன்னாட்டு நிறுவனங்கள் கேட்டதை அரசு ஏற்கவில்லை.

இது தேவையான நடவடிக்கைதான். ஆனால் இதில் நிரல் திறக்கப்படுவது ஆய்வகத்துக்கு மட்டுமே. கேமராவை வாங்கும் குடிமகனுக்கு அல்ல. அரசு பார்த்துவிட்டது, ஆகவே நம்புங்கள் என்பதே இதன் சாரம். அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை 2025 டிசம்பரில் நடந்த சஞ்சார் சாத்தி விவகாரம் காட்டியது. எல்லாப் புதிய செல்போன்களிலும் அந்த அரசுச் செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற உத்தரவு, எதிர்ப்புக் கிளம்பிய சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மேலும், ஆய்வகம் சோதிப்பது விற்பனைக்கு வரும் நாளில் கேமரா பாதுகாப்பானதா என்பதை. ஐந்து ஆண்டு கழித்து நிறுவனம் சேவையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அது சோதிப்பதில்லை.

தில்லியில் ஒலிக்கும் மற்றொரு பதில் "சுதேசி". நயாரா விவகாரத்துக்குப் பிறகு இந்தக் குரல் வலுத்தது. மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள், தமிழகத்தில் வேர்கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதை அதன் அடையாளமாகக் கூறுகிறார்கள். உள்நாட்டு நிறுவனம் என்றால் வெளிநாட்டுத் தடைகள் எட்டாது. இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படும். இந்த அனுகூலங்கள் மெய்யானவை. ஆயினும் நஷ்டம் வந்தால் மூடுவதும், இன்னொருவர் வாங்கினால் கொள்கையை மாற்றுவதும் எந்த நாட்டு வணிகத்துக்கும் இயல்பு. உள்நாட்டு நிறுவனம் மூடிய சர்வராலும் பூட்டு திறக்காது.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. அரசு, தான் வாங்கும்போது மிக எச்சரிக்கையாக இருக்கிறது. மின் ஆளுமைக்குத் திறந்த தரநிலைகள் வேண்டும் என்ற கொள்கையை 2010-இல் வகுத்தது. அரசுத் துறைகள் திறந்தமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும், தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2015-இல் கொள்கை வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் விண்டோஸுக்கு மாற்றாக, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட "மாயா" இயங்குதளத்தைக் கொண்டுவர முடிவெடுத்தது. 25 கோடி ஸ்மார்ட் மின்மீட்டர்களைப் பொருத்தும் 2021-ஆம் ஆண்டுத் திட்டத்திலும், மீட்டர்கள் பொதுவான இந்தியத் தரநிலைகளின்படியே தகவல் பரிமாற வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொண்டால் மின் விநியோக நிறுவனம் தவிக்கும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மீட்டருக்கு உள்பக்கம், வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களுக்கு இதே நியாயம் ஏன் இல்லை?

பிற நாடுகளின் பாதை

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே மாதிரியான எளிய கடவுச்சொல் வைத்து விற்பதைத் தடை செய்கிறது. குறைந்தது எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதை விற்பவர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2024-இல் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாக ஐந்தாண்டுகளாவது திருத்தங்கள் வழங்க வேண்டும் என்கிறது அது. லாப நோக்கின்றித் திறந்தமூல மென்பொருளைப் பேணும் அமைப்புகளுக்கு அதில் எளிய விதிமுறைகள் உண்டு.

இந்தியாவிலும் இதற்கான வரைபடம் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், வீட்டு இணையச் சாதனங்களின் பாதுகாப்புக்கான நடைமுறைக் கோவையை 2021 ஆகஸ்டிலேயே வெளியிட்டது. பொதுக் கடவுச்சொல் கூடாது என்பதும் மென்பொருளை அவ்வப்போது திருத்த வேண்டும் என்பதும் அதில் உள்ளன. ஆனால் அது அறிவுரை மட்டுமே. மீறினால் தண்டனை இல்லை.

நுகர்வோர் விவகாரத் துறையும் தன் பங்குக்கு 2022-இல் பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுதுநீக்க முடியும் என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான அறிக்கை 2025 மே மாதம் அத்துறையிடம் வந்தது. மென்பொருள் திருத்தங்கள் கிடைப்பதும் அந்த மதிப்பெண்ணில் கணக்கில் கொள்ளப்படும். முதல் கட்டத்தில் செல்போன்களும் டேப்லட்களும் மட்டுமே இடம்பெறுகின்றன. பூட்டும் கேமராவும் வரிசையில் இல்லை.

நடுவழி ஒன்றும் உருவாகியுள்ளது. அமேசான், ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட "மேட்டர்" என்ற பொதுத் தரநிலை அது. இதை ஏற்ற சாதனங்கள், எந்த நிறுவனத்துடையதாயினும், வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசும். ஹோம் அசிஸ்டென்டுடனும் பேசும். 2025 நவம்பரில் கேமராக்களும் அதில் சேர்க்கப்பட்டன. பழைய சாதனங்களுக்கு இது உதவாது. மலிவுச் சாதனங்கள் பலவும் இன்னும் இதற்கு வெளியே நிற்கின்றன.

செய்ய வேண்டியவை

தனி மனிதர் எடுக்கும் முடிவு சாதனத்துக்குச் சாதனம் மாறும். கூடத்தில் உள்ள அலங்கார விளக்கு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இழப்பு சிறியது. கதவுப் பூட்டு, கேமரா, சமையல் எரிவாயுக் கசிவைச் சொல்லும் கருவி ஆகியவற்றில் மூன்று கேள்விகளைக் கேட்டே வாங்க வேண்டும். இணையம் இல்லாதபோது இது வேலை செய்யுமா? எந்த ஆண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும்? இந்த நிறுவனத்தின் செயலியை விட்டு வேறொன்றின் மூலமும் இயக்க முடியுமா? பராமரிக்க ஆள் உள்ள வீட்டுக்குத் திறந்தமூல அமைப்பு உகந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கு, பொதுத் தரநிலையை ஏற்ற வணிகச் சாதனமே இன்றைக்குப் பொருத்தமானது. எதுவாயினும் கையால் திறக்கும் சாவியைத் தூக்கி எறியக் கூடாது.

ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இன்று பெட்டியின் மேல் இல்லை, கடைக்காரருக்கும் தெரியாது. விடையை அச்சிடச் செய்வது அரசின் வேலை. மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருப்பதைப் போல, சாதனத்தின் பெட்டியில் சேவை முடியும் தேதி இருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவையைக் கட்டாயமாக்கலாம். பழுதுநீக்கும் குறியீட்டில் வீட்டுச் சாதனங்களைச் சேர்க்கலாம். சேவையை நிறுத்தும் நிறுவனம், அதற்கு முன்பு வீட்டுக்குள்ளிருந்தே இயக்குவதற்கான வழியைத் திறந்துவிட வேண்டும் என்று விதிக்கலாம். அப்படித் திறந்துவிட்டால், மிச்சத்தைத் திறந்தமூல ஆர்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இன்ஸ்டியான் விவகாரம் காட்டியிருக்கிறது. ஐடிஐ-க்களில் எலெக்ட்ரீஷியன் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு இந்த அமைப்புகளைக் கற்றுத்தந்தால், ஆள் இல்லை என்ற குறையும் தீரும். ஒரு புதிய தொழிலும் பிறக்கும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் இயற்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டாயப் பதிவு உத்தரவு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என ஏற்கெனவே உள்ள அதிகாரங்களைக் கொண்டே பெரும்பகுதியைச் செய்ய முடியும். தடையாக இருப்பது, பொறுப்பு மூன்று துறைகளிடையே சிதறிக் கிடப்பதுதான். கேமரா தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம். நடைமுறைக் கோவை தொலைத்தொடர்புத் துறையிடம். பழுதுநீக்கும் உரிமை நுகர்வோர் விவகாரத் துறையிடம். வீட்டுக்காரரின் உரிமை எந்தக் கோப்பிலும் முழுமையாக இல்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரவேண்டும். நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையும் ஒப்பந்தங்களையும் அதற்கேற்பத் திருத்தி அமைக்க வேண்டிய காலம் இது. சாதனத்தின் ஆயுள் பற்றிய விதிகளையும் இந்தச் சமயத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கூடுதல் செலவு குறைவு. தவறவிட்டால், அடுத்த சில ஆண்டுகளில் விற்கப்படும் பூட்டுகளுக்கும் கேமராக்களுக்கும் விதி எதுவும் இருக்காது. தன் கணினிகளுக்குத் திறந்தமூலத்தைத் தேர்ந்தெடுத்த அரசு, குடிமக்களும் அப்படித் தேர்ந்தெடுக்க வழி செய்யுமா என்பதை அந்த மூன்று துறைகளும்தான் சொல்ல வேண்டும்.